பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கலாமா? கையெழுத்திடும் முன் போட வேண்டிய கணக்கு

"பழைய வீட்டை மலிவாக வாங்குங்கள், சாயம் பூசுங்கள், சமையலறையை மாற்றுங்கள், ஒரு லட்சம் வெள்ளி கூடுதலாக வைத்து விற்றுவிடுங்கள்." சமூக ஊடகக் காணொளிகளிலும் வார இறுதிப் பயிற்சிப் பட்டறைகளிலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்திருக்கும் இளைஞர்களையும், தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்று இபிஎஃப் பணத்தை எடுத்திருக்கும் பெற்றோர்களையும் இந்தப் பேச்சு சுலபமாக ஈர்க்கிறது.

இந்தத் தொழிலில் முறையாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் லாபம் என்று நினைத்து இறங்குபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லாபம் பெரும்பாலும் வாங்கும் விலையிலேயே முடிவாகிவிடுகிறது. அதைக் கரைப்பவை வரி, வட்டி, காலதாமதம் ஆகிய மூன்றும்தான். விற்பதற்காக இல்லாமல், குடியிருக்கவே பழைய வீடு தேடும் குடும்பங்களுக்கும் கீழே உள்ள விவரங்களில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஓர் உதாரணக் கணக்கு

ஒருவர் பழைய ஒற்றை மாடித் தெரஸ் வீட்டை 280,000 வெள்ளிக்கு வாங்கி, 60,000 வெள்ளி செலவில் புதுப்பித்து, பத்து மாதத்தில் 400,000 வெள்ளிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு வங்கிக் கடன், அதாவது 252,000 வெள்ளி.

வாங்கும்போது ஆகும் செலவு: சொத்து உரிமை மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. அதன்படி 4,600 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு 0.5 விழுக்காடு முத்திரை வரி, 1,260 வெள்ளி. வாங்கல் விற்றல் ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் வழக்கறிஞர் கட்டணம் சேவை வரியோடு ஏறக்குறைய 7,180 வெள்ளி. மதிப்பீடு, பதிவு போன்ற இதர செலவுகளையும் சேர்த்தால் 15,000 வெள்ளி.

வைத்திருக்கும்போது ஆகும் செலவு: புதுப்பிக்க நான்கு மாதம், ஆள் தேட மூன்று மாதம், விற்பனை முடிந்து பணம் கைக்கு வர மூன்று மாதம். மாதத்துக்குச் சுமார் 900 வெள்ளி வட்டி என்றால் 9,000 வெள்ளி. மின்சாரம், தண்ணீர், மதிப்பீட்டு வரி, நில வரி ஆகியவற்றுக்கு 1,000 வெள்ளி.

விற்கும்போது ஆகும் செலவு: சொத்து முகவருக்கு 3 விழுக்காடு என்றால் 12,000 வெள்ளி, அதற்குச் சேவை வரி 960 வெள்ளி. விற்பவர் தரப்பு வழக்கறிஞர், வங்கி அடமான நீக்கம் எல்லாம் சேர்த்துச் சுமார் 6,000 வெள்ளி.

எல்லாவற்றையும் கூட்டினால் 383,960 வெள்ளி. 120,000 வெள்ளி வித்தியாசத்தில் மிஞ்சுவது 16,040 வெள்ளி மட்டுமே. இதிலிருந்து இன்னும் வரி கட்ட வேண்டும்.

ஆர்பிஜிடி வரி எவ்வளவு?

வீடு, நிலம் விற்று வரும் ஆதாயத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் விதிக்கும் வரிதான் ஆர்பிஜிடி. மலேசியக் குடிமகன் வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை. ஆதாயத்தில் 10,000 வெள்ளி அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதற்கு விலக்கு உண்டு.

நம் உதாரணத்தில் புதுப்பிப்புச் செலவு, முகவர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், வாங்கியபோது கட்டிய முத்திரை வரி ஆகியவற்றைக் கழிக்கிறோம். வங்கி வட்டியையும் கடன் ஒப்பந்தச் செலவையும் கழிக்கவில்லை. ஆதாயம் ஏறக்குறைய 32,660 வெள்ளி. 10,000 வெள்ளி விலக்கு போக மீதிக்கு 30 விழுக்காடு வரி, சுமார் 6,800 வெள்ளி. கடைசியாகக் கையில் நிற்பது 9,240 வெள்ளி. பத்து மாத அலைச்சலுக்கு மாதம் 924 வெள்ளி.

புதுப்பிப்புச் செலவு 9,000 வெள்ளி கூடினால், வரிக் குறைவைக் கணக்கிட்ட பிறகும் லாபம் 3,000 வெள்ளிக்குக் கீழே போய்விடும். வீட்டுக் கடனில் முன்கூட்டியே அடைப்பதற்கு 3 விழுக்காடு தண்டம் இருந்தால் 7,560 வெள்ளி போகும். இரண்டும் சேர்ந்தால் நட்டம்தான். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை இப்படிக் கட்டிப்போடும் விதி பல கடன்களில் உண்டு. விரைவில் விற்கும் எண்ணம் இருந்தால் அந்த விதி இல்லாத கடனையே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயங்களை நினைவில் வைத்திருங்கள்.

ஒன்று, குடியிருந்த வீட்டை விற்கும்போது ஆர்பிஜிடியிலிருந்து விலக்குக் கேட்கலாம். அது ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். சிறிய ஆதாயத்துக்கு அதைச் செலவழித்துவிட வேண்டாம்.

இரண்டு, ரசீது இல்லாத செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு "குறைத்துப் போட்டுக் கொடுத்தார்" என்று மகிழ்ந்தால், விற்கும்போது அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டி வரும்.

மூன்று, ஒன்றன் பின் ஒன்றாக வீடு வாங்கி விற்றால் அதை வியாபாரமாகக் கருதி வருமான வரி விதிக்க வாரியத்துக்கு இடம் உண்டு.

விலையைத் தீர்மானிப்பவர் மதிப்பீட்டாளர்

உங்களிடம் வாங்குபவரும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். அவருக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் விலைதான் முடிவு செய்கிறது. அதே தாமானில், அதே அளவு வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதையே அவர் முதலில் பார்ப்பார். நீங்கள் சமையலறைக்குப் போட்ட 25,000 வெள்ளி அப்படியே விலையில் ஏறிவிடாது.

தெருவில் மற்ற வீடுகள் 330,000 வெள்ளிக்கு விற்கும்போது, நீங்கள் 400,000 கேட்டால் வாங்க ஆசைப்படுபவரும் மீதித் தொகையை ரொக்கமாகத் தேட வேண்டியிருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று வங்கி அதிகாரிகளிடம் அந்த முகவரிக்கு உத்தேச மதிப்புக் கேட்டுப் பாருங்கள். பழுதான நிலையில் என்ன விலை, சீரான நிலையில் என்ன விலை என்ற இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் தொழிலின் மொத்த இடம்.

ஒப்பந்தத்தில் உண்மை விலையை விடக் கூட்டி எழுதி, கூடுதல் கடன் வாங்கி, மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அது வங்கியை ஏமாற்றும் செயல். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். சிக்கல் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

கெரானைப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம்

வீட்டைப் பார்ப்பதற்கு முன் நிலப்பட்டாவைப் பாருங்கள். நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்தால் உரிமையாளர் யார், அடமானம் உண்டா, கேவியட் எனப்படும் தடை போடப்பட்டிருக்கிறதா, நிரந்தர உரிமையா 99 ஆண்டுக் குத்தகையா என்பதெல்லாம் தெரிந்துவிடும். குத்தகை நிலமாக இருந்தால் பெயர் மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகலாம். எஞ்சிய ஆண்டுகள் குறைவாக இருந்தால் வங்கிகளும் தயங்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை நாம் வாங்க முடியாது. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டுக்குத் தனி அனுமதி தேவை.

நம் சமூகத்தில் அதிகம் கைமாறும் மலிவு விலை வீடுகளிலும், தோட்டம் மேம்பாட்டுக்குப் போனபோது தொழிலாளர்களுக்குக் கிடைத்த வீடுகளிலும் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி வரும். முதலாவது, விற்பதற்கு மாநில அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு பட்டாவிலேயே எழுதப்பட்டிருக்கலாம். இரண்டாவது, பட்டா இன்னும் காலமான அப்பா அல்லது தாத்தாவின் பெயரில் இருக்கலாம். பிள்ளைகளில் ஒருவர் மட்டும் "நான்தான் வாரிசு" என்று முன்பணம் வாங்கிவிட முடியாது. வாரிசுரிமை நடைமுறை முடிந்து, உரிமை முறைப்படி மாறிய பிறகே விற்பனை நடக்கும். அண்ணன் தம்பிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வீடு ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும்.

ஏல வீடு: விலை குறைவு, இருட்டு அதிகம்

கடன் கட்டாத வீடுகளை வங்கிகள் லேலோங்கில் விடுகின்றன. ஏலம் போகாத வீட்டின் ஒதுக்கு விலை அடுத்த முறை வழக்கமாகக் குறைக்கப்படும். அதனால் சந்தை விலைக்குக் கீழே கிடைப்பது உண்மைதான்.

ஆனால் இருக்கும் நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பல நேரங்களில் உள்ளே போய்ப் பார்க்கவே முடியாது. உள்ளே யாராவது குடியிருந்தால் வெளியேற்றும் பொறுப்பும் செலவும் ஏலம் எடுத்தவருக்கு வரலாம். வழக்கமாக ஒதுக்கு விலையில் 10 விழுக்காட்டை வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஏலத்தில் மீதித் தொகையை 120 நாட்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் வைப்புத் தொகை பறிபோகும். கடன் கிடைக்குமா என்று உறுதியாகத் தெரியாமல் கை தூக்குவது ஆபத்து. நில வரி, பராமரிப்புக் கட்டண பாக்கிகளை யார் கட்டுவது என்பது விற்பனை நிபந்தனையில் இருக்கும். அதை வழக்கறிஞரிடம் காட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

வீட்டைச் சோதிக்கும் முறை

மழை பெய்யும் நாளில் அல்லது மழை விட்ட உடனே போய்ப் பாருங்கள். அப்போது வீடு தன் குறையைத் தானே காட்டும்.

கூரை: உட்கூரைப் பலகையில் பழுப்புக் கறை இருந்தால் கசிவு. பழைய வீடுகளின் கூரைச் சட்டம் மரத்தால் ஆனது. தட்டிப் பார்த்தால் உள்ளீடற்ற சத்தம் வருவதும், சுவரோரம் மண் கோடு ஓடுவதும் கரையானின் அடையாளங்கள். கூரைச் சட்டத்தை மாற்றுவது பெரிய செலவு. பழைய மலிவு விலை வீடுகளில் கல்நார் தகடுகள் இருக்கலாம். அவற்றை உடைத்தால் கிளம்பும் தூள் நுரையீரலுக்குக் கேடு. விவரம் தெரிந்தவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும்.

சுவர்: முடி போன்ற மெல்லிய விரிசல் பூச்சில் மட்டும் இருக்கலாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், படிக்கட்டுப் போல் இறங்கும் விரிசலும் அடித்தளம் இறங்குவதைக் காட்டக்கூடும். ஈப்போ, பூச்சோங் வட்டாரங்களின் பழைய ஈயச் சுரங்க நிலங்களிலும், கிள்ளான் பகுதியின் மென்மையான களிமண் நிலத்திலும் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை, முதன்மை வீட்டிலிருந்து பிரிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளம்: 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்தது நமக்குத் தெரியும். புதுச் சாயம் கறையை மறைத்துவிடும், பக்கத்து வீட்டுக்காரர் மறைக்க மாட்டார். அவரிடம் கேளுங்கள்.

குழாயும் மின்கம்பியும்: பழைய இரும்புக் குழாயில் முதலில் வரும் தண்ணீர் துரு நிறத்தில் இருக்கும். அதன் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் ஓராண்டில் உடைக்க வேண்டி வரலாம். மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். சுடுநீர்ச் சாதனத்துக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

அடுக்குமாடி வீடு: பராமரிப்புக் கட்டண பாக்கியை நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கீழ் வீட்டுக் கூரையில் நீர் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல் வீட்டின் குறை என்றே 2015 அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் கருதுகின்றன. குளியலறைத் தளத்தைச் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

எதில் செலவு செய்வது, எதில் நிறுத்துவது?

வேலை வரிசை முக்கியம். கூரை, கசிவு, கரையான், குழாய், மின்கம்பி முதலில். பிறகு சுவர், தரை. அலமாரியும் சாயமும் கடைசியில். வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி போகும்.

குளியலறை: பழைய டைல்ஸ் மேலேயே புதிதை ஒட்டுவது மலிவு, ஆனால் அடியில் உள்ள கசிவு அப்படியே இருக்கும். உடைத்து, நீர்க்காப்புப் பூச்சுப் பூசி, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். தரைக்கு வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் போடுங்கள்.

தரை: பழைய டைல்ஸ் சமமாக, உறுதியாக இருந்தால் அதன் மேல் எஸ்பிசி வினைல் பலகை விரிக்கலாம். விரைவில் முடியும், தண்ணீரையும் தாங்கும். லாமினேட் பலகை ஈரத்தில் ஊதிவிடும், வெள்ளம் ஏறும் இடத்துக்கு ஆகாது. முன்வாசலுக்கும் சமையலறைக்கும் டைல்ஸ்தான் நிலைக்கும்.

சமையலறை அலமாரி: மரத்தூள் பலகை பார்வைக்கு அழகு, தொட்டியடி ஈரத்தில் உப்பிவிடும். பிளைவுட் அதைவிட உறுதி. அலுமினிய அலமாரியைக் கரையானும் ஈரமும் தொடாது. தினமும் தாளித்துச் சமைக்கும் வீடுகளுக்குத் துடைத்து எடுக்கவும் வசதி.

சாயம்: ஈரமான சுவரில் எந்த விலைச் சாயமும் உரியும். கசிவை நிறுத்தி, சுவரைக் காயவிட்டு, அடிப்பூச்சுப் பூசிய பிறகே சாயம். விற்கும் வீட்டுக்கு வெள்ளை, வெளிர் பழுப்பு போன்ற நிறங்கள் போதும். வாங்குபவரின் விருப்பம் நமக்குத் தெரியாது.

அலங்கார உட்கூரை, விலை உயர்ந்த விளக்கு, சுவர் முழுக்க அலமாரி ஆகியவற்றுக்குப் போட்ட பணம் திரும்பி வருவது அரிது.

குத்தகையாளரும் அனுமதியும்

சுவர் இடிப்பது, பின்புறம் இழுத்துக் கட்டுவது, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவது எல்லாவற்றுக்கும் ஊராட்சி மன்ற அனுமதி தேவை. விதிகள் மன்றத்துக்கு மன்றம் மாறும். அனுமதி இல்லாமல் கட்டிய பகுதி விற்கும் நேரத்தில் பேரத்தை முறிக்கலாம். பழைய உரிமையாளர் இழுத்துக் கட்டியதற்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குத்தகையாளர் சிஐடிபியில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் முடித்த வீடு ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் பொருளின் வகை, அளவு, எண்ணிக்கை, முடிக்கும் நாள், பழுது வந்தால் எத்தனை மாதம் பொறுப்பு என எல்லாம் எழுத்தில் வேண்டும். "சாமான் வாங்க வேண்டும்" என்று பாதிக்கு மேல் முன்பணம் கேட்டால் யோசியுங்கள். முடிந்த வேலைக்கு ஏற்பப் பகுதி பகுதியாகக் கொடுத்து, கடைசி 10 விழுக்காட்டைப் பழுதெல்லாம் சரிசெய்த பிறகு கொடுப்பது நல்லது. சொந்தக்காரர், கோயில் நண்பர் என்பதற்காகக் காகிதம் இல்லாமல் தொடங்கினால் பணமும் போகும், உறவும் போகும்.

குடியிருக்கும் வீட்டு வேலையில் ஏமாற்றப்பட்டவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. விற்பனை நோக்கத்தோடு செய்தவர் பயனீட்டாளராகக் கருதப்படாமல் போகலாம். அவருக்கு ஒப்பந்தக் காகிதமே முக்கியத் துணை.

யாருக்கு ஏற்றது?

இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். முதல் வீட்டை விற்ற பிறகே இரண்டாம் வீட்டுக்கு எடுக்க முடியும். வீட்டுக் கடனும் மூன்றாவது வீட்டிலிருந்து 70 விழுக்காடுதான். ஆகவே சேமநிதியை வைத்துத் தொடர்ந்து வாங்கி விற்கும் தொழில் நடத்த முடியாது. ஓய்வுபெற்ற பெற்றோரின் மொத்தப் பணத்தையும் ஒரே வீட்டில் போட்டால், விற்பனை ஆறு மாதம் தாமதமானாலும் மருந்துச் செலவுக்குக் கை ஏந்த வேண்டி வரும்.

முதன்முறை வாங்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. பழைய வீட்டை நியாயமான விலைக்கு வாங்கி, கூரையையும் குழாயையும் முதலில் சரிசெய்து குடியேறுங்கள். மற்றதை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யுங்கள். ஆறாம் ஆண்டில் விற்றால் ஆர்பிஜிடி இல்லை. விற்க மனமில்லை என்றால் வீடு உங்களுடையதாகவே இருக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்:

1. பட்டாவில் உள்ள பெயரும் விற்பவரும் ஒருவரா? கட்டுப்பாடு ஏதும் உண்டா?

2. சீரான நிலையில் இந்த வீட்டுக்கு வங்கி எவ்வளவு மதிப்புச் சொல்கிறது?

3. கூரை, சுவர், குழாய், மின்கம்பி ஆகியவற்றை விவரம் தெரிந்தவர் பார்த்தாரா?

4. ஓராண்டு விற்காமல் போனாலும் மாதத் தவணையைக் கட்ட முடியுமா?

5. எல்லாச் செலவும் வரியும் போக மிஞ்சும் தொகை, நம் உழைப்புக்கும் ஆபத்துக்கும் ஈடாகுமா?

ஐந்தில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் அந்த வீட்டை விட்டுவிடலாம். அடுத்த தெருவில் இன்னொரு பழைய வீடு விற்பனைக்கு வரும்.